அப்பாவு அடித்த ஸ்ப்ரே

அப்பாவு சிகரெட்டை விட்டுவிட்டார். சும்மா ஒன்றும் விடவில்லை. திருமலை அடிவாரத்தில், அலிபிரி சோதனைச் சாவடியில், நானூறு பேர் பார்க்க, பாக்கெட்டில் மிச்சமிருந்த நாலு சிகரெட்டையும் குப்பைத் தொட்டியில் வீசி, "கோவிந்தா! இனிமே இதத் தொட்டா என்ன ஏன்னு கேளு!" என்று ஒரு கத்துக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து கோவிந்தா போட்டார்கள்.

அவர் வீசாமலிருந்தாலும் இன்னும் பத்தடியில் சோதனை பண்ணுகிறவர்கள் பிடுங்கித்தான் போட்டிருப்பார்கள். அது வேறு விஷயம். மனுஷன் தியாகம் பண்ணும்போது குறுக்கே பேசக் கூடாது.

சாமி கேட்டாரோ இல்லையோ, பெண்டாட்டி தாட்சாயணி கேட்டுக்கொண்டாள். மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்ற இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வேண்டினாள்.

"ஏழுமலையானே! இந்த மனுசன் மறுபடியும் சிகரெட்டத் தொட்டா, உன் படி மூவாயிரத்து ஐநூத்தி அம்பதுக்கும் இவர வுட்டே மஞ்சா குங்குமம் வைக்க வைக்கறேன்!"

அப்பாவுவுக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"இன்னாமே இது? வேண்டிக்கறது நீ, குனியறது நானா?"

"நீதான் தொடவே மாட்டியே மாமா. அப்புறம் இன்னா பயம்?"

இதற்கு எந்தப் புருஷனாவது பதில் சொல்ல முடியுமா? சொல்லுங்கள் பார்ப்போம்.

குனிவது என்பது அப்பாவுவின் ஜாதகத்திலேயே கிடையாது. நகரிக்குப் பக்கத்தில் மூணு ஏக்கர் கரும்பும் ஒரு மாந்தோப்பும் வைத்திருக்கிற மனுஷர்தான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் சித்தூர் டாக்டர் ஒருவர் அவர் இடுப்பை அமுக்கிப் பார்த்து, "கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். 'கொஞ்ச நாள்' என்பதை அப்பாவு அங்கேயே விட்டுவிட்டு, 'குனியாதீங்க' என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கீழே விழுந்த துண்டை எடுக்க ஆள் வேண்டும், செருப்பு வாரை மாட்ட ஆள் வேண்டும். மலைக்குப் போனாலும் பஸ்தான். படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் மூவாயிரத்து ஐநூற்று ஐம்பது தடவை குனிவதா? மஞ்சளுக்கு ஒரு தடவை, குங்குமத்துக்கு ஒரு தடவை என்று பார்த்தால், ஐயோ, அதை நினைத்தாலே நடு முதுகில் ஏதோ கடக்கென்றது.

அதனால் சிகரெட்டை விட்டார். உண்மையிலேயே விட்டார். நாற்பது நாள் விட்டார்.

நாற்பத்தோராம் நாள் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டு, வடை, சர்க்கரைப் பொங்கல், புளிசோறு எல்லாம் ஒரு பிடி பிடித்து எழுந்தார். வயிறு நிறைந்துவிட்டது. வாய் மட்டும் நமநம என்றது. ஒரே ஒரு தடவை, மொட்டை மாடியில், தண்ணி டேங்குக்குப் பின்னால். சாமிக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று ஒரு நினைப்பு.

சாமியை விடுங்கள், அவர் பெரிய மனசுக்காரர். தாட்சாயணியின் மூக்கு இருக்கிறதே, அது பக்கத்துத் தெருவில் கருவாடு வறுத்தால் எத்தனை துண்டு என்று சொல்லிவிடும். அதற்காகத்தான் அப்பாவு புத்தூர் சந்தைக்குப் போனவர் மல்லிகை வாசனை ரூம் ஸ்ப்ரே ஒன்று வாங்கி வந்து, டேங்குக்குப் பின்னால் செங்கல் இடுக்கில் ஒளித்து வைத்தார். தினம் ஒரு சிகரெட்டு, அதன் மேல் நாலு புஸ்ஸு. கீழே இறங்கி வரும்போது மனுஷர் கல்யாண மண்டபம் மாதிரி மணப்பார்.

"இன்னா மாமா, மல்லிப்பூ வாசம் தூக்குது?"

"சாமி அருள்மே."

"ஓ" என்றாள் தாட்சாயணி. அவ்வளவுதான். அந்த 'ஓ'வை அப்பாவு கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் யோசித்திருக்க வேண்டும். ஸ்ப்ரே டப்பா என்றால் அந்தத் தெருவில் தாட்சாயணிதான். கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு ஜோடித்துக் கொடுப்பது அவள் தொழில். தேங்காய்க்குத் தங்கக் கலர் அடிப்பாள், பாக்குக்கு வெள்ளிக் கலர் அடிப்பாள், விட்டால் மாப்பிள்ளைக்கும் ஒரு கோட் அடிப்பாள். வீட்டில் ஒரு அலமாரி முழுக்க டப்பாதான். அவளிடம் போய் டப்பா வித்தையா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

இப்படியாக ஐப்பசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாட்சாயணி, "திருப்பதிக்குப் போய்த் தட்டு குடுத்துட்டு வரேன் மாமா, சாயங்காலம் ஆவும்" என்று பெரிய பையோடு கிளம்பிப் போனாள். அவள் தெரு முனை திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை லேசில் விடுமா? மாடிக்குப் போக முடியாது. அப்பாவு ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மீசையைத் தடவினார். ஓடிப்போய் டப்பாவை மட்டும் நனைந்துகொண்டே எடுத்து வந்தார். ஹாலில், நடு நாற்காலியில், கால் மேல் கால் போட்டு, ராஜா மாதிரி ஒன்று பற்ற வைத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. வீடு பூராப் புகை. அம்பாள் படம் தெரியவில்லை.

போன் அடித்தது.

"மாமா, வேல சீக்கிரம் முடிஞ்சிச்சி. பஸ் புத்தூர் தாண்டிடுச்சி. இன்னும் அரை மணி நேரத்துல வூட்டுல இருப்பேன்."

அப்பாவு ரெண்டாவது சிகரெட்டைப் பாதியிலேயே ஜன்னல் வழியாக எறிந்தார். டப்பாவை எடுத்தார். தூக்கிப் பிடித்தார். அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை.

ஆட்டினார். உள்ளே களக் களக் என்றது. சரக்கு இருக்கிறது! மறுபடி அமுக்கினார். கட்டை விரல் சிவந்தது. டப்பா கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. மூக்கு ஓட்டை, அதாவது நாசில், அடைத்துக்கொண்டு விட்டது.

"ஹே! இது இன்னா பெரிய விஷயம்?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "கரும்புக்கு மருந்தடிக்கற மெஷினு நாசிலையே வாயால ஊதி சரி பண்ணவன் நானு!"

வாயை வைத்து ஊதினார். டப்பா அசையவில்லை. நாக்கு நுனியில் மட்டும் மல்லிகைப்பூ ஒன்று பூத்தது. தூ தூ என்று துப்பினார். தாலிச்சரடு கோக்கிற ஊக்கு ஒன்று கிடைத்தது. அதை ஓட்டையில் விட்டுக் குடைந்தார். பட்டென்று நுனி உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. முன்னே அடைப்பு மட்டும்தான், இப்போது இரும்பும் சேர்ந்தது. சுவரில் தட்டினார். பக்கத்து வீட்டு ரத்தினம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏமண்ணா! கோட கூல்ஸ்துன்னாரா?" என்று குரல் கொடுத்தாள். சுவரை இடிக்கிறீரா என்று தெலுங்கில் அக்கறையாக விசாரிக்கிறாளாம்.

"ஏமி லேதம்மா! ஒன்னுமில்ல, ஆணி அடிக்கறேன்!"

மணி ஓடியது. வேர்த்துக் கொட்டியது. இந்த உலகத்தில் நாசில் அடைப்பு எடுக்கத் தெரிந்த ஆள் அப்பாவுவுக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். என்ன செய்வது? திருடப் போன வீட்டிலேயே சாவி கேட்கிற மாதிரிதான். ஆனாலும் போன் போட்டுக் கேட்டார்.

"தாட்சா, ஒன்னுமில்லமே. உன் கோல்டு ஸ்ப்ரே ஒன்னு அடைச்சிக்கினு கீது. பாவம், நீ வந்து கஷ்டப்படணுமேன்னு நானே சரி பண்ணி வைக்கலாம்னு…"

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷர்.

"யாரு, நீயா?" என்றாள் தாட்சாயணி.

"ஏன், நான் பண்ணக் கூடாதா?"

"பண்ணு மாமா, பண்ணு. மொதல்ல நாசில வெளிய எடு. நேரா இழுக்காத. திருகிக்கினே மேல தூக்கு. ஊசி கீசி வுட்டுக் குத்தினியா?"

"சே சே! நான் இன்னா கொழந்தையா?" என்றபடி உடைந்த ஊக்கை அப்பாவு பின்பக்கம் மறைத்தார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் மறைத்தார்.

"தனியா எடுத்து வெச்சிக்கினு மெல்லிசு ஊசியா வுடலாம். டப்பா மேல வெச்சிக்கினு குத்தினா உள்ள கீற வால்வு பூடும். அப்புறம் மொத்தமும் உன் மூஞ்சியிலதான்."

சரியாக அந்த நேரம் 'உஸ்ஸ்ஸ்' என்று குக்கர் விசில் ஒன்று கேட்டது. ரத்தினம்மா வீட்டுக் குக்கர். சுவர் வழியாக இடது காதில் கேட்டது, சரி. போன் வழியாக வலது காதிலும் கேட்டது.

"இன்னாமே, பஸ்ஸுல குக்கர் சத்தம் கேக்குது?"

"பக்கத்து சீட்டுக்காரியோட ரிங்டோனு மாமா."

"காலம் கெட்டுப் போச்சி" என்றார் அப்பாவு. நம்பிவிட்டார்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"நாசில சுடுதண்ணியில போடு. பத்து நிமிசம்" என்றாள் தாட்சாயணி.

போட்டார். ரெண்டு நிமிஷத்தில் எடுத்து ஊதினார். வாய் வெந்ததுதான் மிச்சம்.

"போவலமே."

"அப்ப தின்னர்ல ஊற வை."

"எவ்ளோ நேரம்?"

"ராவெல்லாம் ஊறணும்."

"ராவெல்லாமா!" அப்பாவு அலறினார்.

"இன்னா அவசரம் மாமா? டப்பா எழுந்து ஓடியா பூடும்?"

"இல்ல… ஒரு வேலைய எடுத்தா ஒடனே முடிக்கணும். அது என் கொணம்."

"தெரியும் தெரியும். ரெண்டு வருசமா குழாய் ஒழுவிக்கினு கீது, அப்ப அந்த கொணம் எங்க போச்சி? சரி, வுடு. வேற டப்பா நாசிலக் கழட்டி இதுல மாட்டு. எல்லாம் ஒரே அளவுதான். ஆனா மாமா, மாட்டறதுக்கு முன்ன ஒரு விசயம்…"

அப்பாவு போனை வைத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தைக் கேட்கிற பொறுமை இருந்திருந்தால் அவர் ஏன் அப்பாவு?

அலமாரியைத் திறந்தார். கையில் முதலில் அகப்பட்டது தங்கக் கலர் டப்பா. அதன் நாசிலைத் திருகி எடுத்து மல்லிகை டப்பாவின் தலையில் அமுக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. "யாருகிட்ட!" என்று மீசையை முறுக்கினார். ஹால் நடுவில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, சுற்றிச் சுற்றி வந்து அமுக்கினார்.

புஸ்ஸ்ஸ்ஸ்!

வந்ததே மல்லிகை! என்ன வாசனை! அப்பாவுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரைச்சீலைக்கு ஒன்று, சோபாவுக்கு ரெண்டு, டிவிக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று. கடைசியாக, வாயில் வாசம் அடிக்கக் கூடாதே என்று, கண்ணை மூடிக்கொண்டு தன் மூஞ்சிக்கு நேராக ஒன்று.

கண்ணைத் திறந்தார். டிவி பளபளத்தது. காலண்டரில் ஐப்பசி மாசம் பூரா அட்சய திருதியை மாதிரி ஜொலித்தது. கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அங்கே தங்க மீசையும் தங்கப் புருவமுமாக ஒரு மனுஷர், நகைக்கடை வாசலில் வைத்த பொம்மை மாதிரி, வாயைப் பிளந்து நின்றார். மாட்டுவதற்கு முன்னால் தங்கக் கலர் ஒட்டியிருந்த அந்த நாசிலைக் கழுவ வேண்டும். அதுதான் அந்த 'ஒரு விசயம்'.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

அரை மணி நேரம் என்று சொன்னவள் பத்தே நிமிஷத்தில் வாசலில் நின்றாள். மழையில் புடவை நுனிகூட நனையவில்லை.

"இன்னாமே, அதுக்குள்ள…"

"டிரைவரு நல்லா ஓட்டினாரு" என்றாள் தாட்சாயணி. உள்ளே வந்தாள். டிவியைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள், மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரிக் கேட்டாள்.

"மாமா. உண்மையச் சொல்லு. அடிச்சியா?"

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அப்பாவுவுக்கு மடி, வாய், நுரையீரல் எல்லாவற்றிலும் கனம்.

"அது வந்து…"

"அடிச்சியா, இல்லியா?"

"ஒன்னே ஒன்னுமே."

"ஒன்னா? வூடு பூரா பரவிக்கினு கீது, ஒன்னுங்கற?"

"சரி, ரெண்டு. ரெண்டாவது பாதிதான். அம்மா மேல சத்தியமா பாதிதான்! மீதிய ஜன்னல் வழியா வுட்டெறிஞ்சிட்டேன்."

தாட்சாயணியின் புருவம் லேசாக ஏறியது. "எத்தினி நாளா?"

"பொரட்டாசி… மூணாவது சனிக்கெழமலேர்ந்து."

"தளிகை போட்டமே, அன்னிக்கா?"

"தளிகைய துன்னுட்டு அப்புறம்தான்! அதுக்கு முன்ன தொடுவேனா? எனக்கு பக்தி இல்லியா?"

"தெனமுமா?"

"ஏகாதசிக்கு அடிக்கல" என்றார் அப்பாவு பெருமையாக.

தாட்சாயணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நான் ஸ்ப்ரேவக் கேட்டேன் மாமா."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அப்பாவுவின் தங்க மீசை துடித்தது. பாழாய்ப் போன தமிழில் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எத்தனை வேலை! ஸ்ப்ரேயும் அடிக்கிறார்கள், சிகரெட்டும் அடிக்கிறார்கள், மொட்டையும் அடிக்கிறார்கள், கடைசியில் ஆளையும் அடிக்கிறார்கள்.

வாசலில் களுக்கென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா, கையில் சாம்பார்க் கரண்டியோடு நின்றாள்.

"மா தெலுகுலோ சிகரெட் தாகுதாம் அண்ணா. ஸ்ப்ரே கொடதாம். ரெண்டும் வேற வேற. மீரு தெலுகுல பேசியிருந்தா தப்பிச்சிக்கினு இருப்பீரு!"

ஆமாம். தெலுங்கில் சிகரெட்டைக் 'குடிக்கிறார்கள்', ஸ்ப்ரேயைத்தான் 'அடிக்கிறார்கள்'. நகரி எந்த மாநிலத்தில் இருக்கிறது? ஆந்திராவில். காலையில் எழுந்தால் பால்காரனிடம் தெலுங்கு, மண்டல் ஆபீஸில் தெலுங்கு. ஆனால் மனுஷர் மாட்டிக்கொண்டது மட்டும் சுத்தத் தமிழில்.

அந்தக் கரண்டியைப் பார்த்ததும்தான் அப்பாவுவுக்குக் குக்கர் விளங்கியது.

"நீ… திருப்பதிக்கே போவலியா?"

"தட்டு நேத்தே குடுத்தாச்சி. காலையிலேர்ந்து இந்த அக்கா வூட்லதான் கீறேன். சுவரு ஓரமா பாய் போட்டு ஒக்காந்துக்கினு, நீ தூ தூன்னு துப்பினதுலேர்ந்து எல்லாம் கேட்டுக்கினு இருந்தோம்."

"அப்ப டப்பா அடைச்சிக்கினது?"

"அது தானா எங்க அடைச்சிக்கும்? நேத்து ராத்திரி டேங்கு பின்னால போயி, நாசில் ஓட்டையில ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வெச்சிட்டு வந்தேன். கலரில்லாதது."

ஒரு மாசமாகத் தெரிந்தே 'ஓ' போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவு சோபாவில் பொத்தென்று விழுந்தார். விழுந்த இடமும் தங்கமாக ஒட்டியது.

அடுத்த மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. பேச்சு முழுக்க அப்பாவு, வார்த்தை முழுக்க தாட்சாயணி.

"டாக்டரு குனியக் கூடாதுன்னாரே!"

"ஆறு வருசம் ஆச்சி மாமா. அந்த டாக்டருக்கே இப்ப இடுப்பு வலி வந்திருக்கும்."

"சாமிக்கு என் ஒடம்பு தெரியாதா?"

"தெரிஞ்சிதான் படி கட்டி வெச்சிக்கினு கீறாரு."

"நூத்தியெட்டு படிக்கு வெச்சா போதாதா?"

"நீ ஒரு சிகரெட்டோட நிறுத்தினியா?"

நாலாம் நாள் காலையில் அப்பாவு தலைமுடி சிலிர்க்க எழுந்து உட்கார்ந்தார். யோசனை வந்துவிட்டது! மஞ்சளைத் தண்ணீரில் கரை. குங்குமத்தைத் தண்ணீரில் கரை. ரெண்டையும் தனித்தனி ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்று. நின்ற இடத்திலிருந்தே படியைப் பார்த்து புஸ்ஸு, புஸ்ஸு. குனியவே வேண்டாம்!

"கையாலதானே வைக்கணும்? பாட்டிலயும் கையாலதானேமே அமுக்கறேன்?" என்று தாட்சாயணியிடம் வாதாடினார்.

"உன் இஷ்டம் மாமா" என்றாள் அவள்.

அப்பாவு வேலையில் இறங்கினார். பட்டபிறகு வருகிற ஞானம் இருக்கிறதே, அதற்கு ஈடே இல்லை. நாசில் விஷயத்தில் இப்போது அவரை அடித்துக்கொள்ள ஆந்திராவிலேயே ஆளில்லை. மஞ்சளைப் பழைய வேட்டியில் மூன்று தடவை வடிகட்டினார். குங்குமத்தை ஐந்து தடவை. கரையாத கப்பி தங்கினால்தானே அடைக்கும்? பாட்டிலுக்கு ஆறு என்று பன்னிரண்டு நாசில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளாஸ்கில் வெந்நீர். மெல்லிசு ஊசி ரெண்டு, அதுவும் நாசிலைத் தனியாகக் கழற்றித்தான் விடுவது என்று உறுதி. துடைக்கத் துணி. அஞ்சு படிக்கு ஒரு தடவை குலுக்க வேண்டும், பத்துப் படிக்கு ஒரு தடவை வெறும் தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்று தீர்மானம். எதிர்த்த வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி, "அடைச்ச பின்னால குத்தறவன் முட்டாளு. அடைக்காம பாத்துக்கறவன்தான் புத்திசாலி" என்று உபதேசம் வேறு.

நல்ல நாள் பார்த்து அலிபிரிக்குப் போய் இறங்கினார்கள். காலை ஆறு மணி. மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. தாட்சாயணி ஆட்டோக்காரருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுவுக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கால் விரலாலேயே தள்ளிவிட்டு, வலது கையில் மஞ்சள் பாட்டில், இடது கையில் குங்குமப் பாட்டிலோடு ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்த படியைப் பார்த்து விறுவிறு என்று நடந்தார்.

எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையிலேயே எடுத்துக்கொண்டு படி ஏறினார்கள். என்ன பக்தி! அப்பாவுவுக்குச் சிலிர்த்தது.

"கோவிந்தா!" முதல் படி. மஞ்சள் புஸ்ஸு. குங்குமம் புஸ்ஸு. அடடா! படியில் பூப் பூத்த மாதிரி இறங்கியது.

ரெண்டு. மூணு. நாலு. இடுப்பு நிமிர்ந்தபடி இருந்தது. ஐந்தாம் படியில் குலுக்கினார். ஏழில் மஞ்சள் இருமியது. நாசிலைத் திருகி எடுத்து வெந்நீரில் அலசி மாட்டினார். போச்சு அடைப்பு! ஒன்பதில் குங்குமம் கக்கியது. ஊசி. பத்தில் ரெண்டும் சேர்ந்து மக்கர் பண்ணின. புது நாசில் ரெண்டு. பக்கத்தில் ஒரு பாட்டி ஈரக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எவ்ரய்யா ஈ மகானுபாவுடு!" என்று, இந்த மகான் யாரென்று தெலுங்கில் வியந்தாள். அப்பாவு தலையை மட்டும் ஆட்டினார். மகானுபாவர்கள் அதிகம் பேசக் கூடாது.

பதிமூன்றுக்கு மேல் படிக்கு ரெண்டு நாசில் காலியானது. எத்தனை தடவை வடிகட்டி என்ன? கப்பி அதன் புத்தியைக் காட்டியது. பிளாஸ்க் வெந்நீர் செந்நீர் ஆனது. ஊசி ரெண்டும் வளைந்தன. ஆனால் அப்பாவு விடுகிற ஆளா? ஆட்டினார், உறிஞ்சினார், உதறினார், கெஞ்சினார், தெலுங்கில் திட்டினார். பதினெட்டாம் படி, மேல் படி, அதற்கும் கடைசி நாசிலை மாட்டி, கோவிந்தா என்று கூவி, மஞ்சளும் குங்குமமும் மங்களமாக அடித்து முடித்தார். அடித்த கையோடு அதுவும் அடைத்துக்கொண்டது.

போகட்டும்! பதினெட்டுப் படி! ஒரு தடவைகூடக் குனியவில்லை! மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கடையில் நாசிலா கிடைக்காது? மேல் படியில் நின்று திரும்பி, ரெண்டு பாட்டிலையும் தலைக்கு மேல் தூக்கி, அலிபிரி பூராக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"தாட்சா! பாத்தியாமே! பதினெட்டு முடிச்சிட்டேன்!"

கீழே தாட்சாயணி நின்றாள். ஒரு கையில் மஞ்சளும் குங்குமமும் குவித்த தட்டு. இன்னொரு கையில் அவர் தள்ளிவிட்டு வந்த செருப்பு. அவள் அண்ணாந்து பார்த்து, பொறுமையாகச் சொன்னாள்.

"இந்தா மாமா, இதையும் மேல வெச்சிட்டு எறங்கி வா. அது செருப்பு ஸ்டாண்டுக்குப் போற படி."